என் வலது கையாக இருந்தவர்கள்

ஈஜிபுரா சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோவிலிருந்து இறங்கி, நடைபாதைக் கல் ஒன்றின் மேல் கால் வைத்தேன். கல் ஆடியது. விழும்போது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கையை ஊன்றினேன். வலது கை.

வலி வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிட்டது. முருங்கைக்காயை ஒடித்தது போலச் சின்னதாக ஒரு சத்தம். சத்தங்களோடுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. அது என்ன சத்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து என்னை உட்கார வைத்தார். "ஒண்ணுமில்லம்மா, சுளுக்குதான்" என்றார். "இல்லக்கா, உடைஞ்சிடுச்சு" என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். பிறகு இடது கையால் தட்டுத்தடுமாறி என் கணவருக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மணிக்கட்டுல கிராக் இருக்கு. ஆபரேஷன் வேண்டாம். ஆறு வாரம் மாவுக்கட்டு போதும். என்ன வேலை பாக்கறீங்க?"

"பியானோ வாசிக்கிறேன்."

"அது சரி. வேலைக்கு என்ன பண்றீங்க?"

"அதுதான் டாக்டர் வேலை."

அவர் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். என் கணவருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு. அவர் மைசூருக்காரர். என்னைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு தமிழ் கற்றுக்கொண்டவர். "இவளுக்கு மூணு வேலை டாக்டர். வாசிக்கிறது, சொல்லிக்கொடுக்கிறது, அதப் பத்தி ஆராய்ச்சி பண்றது. மூணுக்கும் இதே கைதான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். எங்கள் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை என் தொழில் பிடிபட்டதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்பார்கள், "பியானோன்னா கீபோர்டுதானே?" என்று. இல்லை என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ரிசப்ஷனுக்கு வந்து வாசிப்பியா?" என்பார்கள். என் அப்பா மாநில அரசில் நில அளவைத் துறையில் இருந்தார். ஆஸ்டின் டவுனில் வீடு. நான் படித்த பள்ளிக்கூடத்தின் பிரார்த்தனை ஹாலில் ஒரு பியானோ இருந்தது. மூன்றாம் வகுப்பில், மழை பெய்து விளையாட்டு நேரம் ரத்தான ஒரு நாள், அதன் மூடியைத் திறந்து ஒரு கட்டையை அமுக்கினேன். அமுக்கி, விரலை எடுக்காமல் அந்த ஒலி தேயும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன். அவ்வளவுதான் என் பூர்வீகக் கதை. பிறகு வகுப்புகள், பரீட்சைகள், சில வருஷம் வெளிநாட்டில் படிப்பு, கடைசியில் அதே ஆஸ்டின் டவுன். ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டால் பியானோவுக்கு இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்கிறது என்பேன். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. சென்னையில் பியானோ வைத்திருக்கும் என் தோழி, மழைக்காலம் வந்தால் கட்டைகள் ஊறிப்போய் அமுக்கினது எழும்பமாட்டேன் என்கிறது என்று புலம்புவாள். எங்கள் வீட்டுப் பியானோ வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒழுங்காக நடந்துகொள்ளும்.

வாரநாட்களில் ஒரு இசைப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் வீட்டில் பெரியவர்களுக்கு வகுப்பு. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரு கரை சேர்த்துவிட்டு, முதல் முறையாகப் பியானோ முன் உட்காருகிறவர்கள். என் முனைவர் பட்ட ஆராய்ச்சியும் இவர்களைப் பற்றித்தான். குழந்தைகளுக்கு இரண்டு கையும் எப்படியோ சேர்ந்துவிடுகிறது. பெரியவர்கள் வலது கையைத் தனியாக அழகாக வாசிப்பார்கள், இடது கையையும் தனியாக வாசிப்பார்கள், இரண்டையும் சேர்க்கச் சொன்னால் நடுவில் மரம் விழுந்த ரோடு மாதிரி நின்றுவிடுவார்கள். ஏன் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு ஒவ்வொரு வகுப்பையும் வீடியோ எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த நேரத்தில் அந்த ஆராய்ச்சியும் ஏறக்குறைய விழுந்துதான் கிடந்தது. எங்கே நிற்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அதனால் என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இதற்கு மேல் ஒரு கச்சேரி வேறு ஒத்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரிக்கிற நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்ன ஹாலில் மேற்கத்திய இசை கேட்கிறவர்களுக்காகவே ஒரு பெரியவர் மாதக் கச்சேரி நடத்துகிறார். ஓய்வு பெற்ற என்ஜினியர், கன்னடக்காரர், என்னிடம் மட்டும் தமிழில் பேசியே தீருவது என்று வைத்திருப்பவர். அவருக்குப் போன் செய்து கையைப் பற்றிச் சொன்னேன்.

"அய்யோ! வலி ஜாஸ்தியா?"

"வலி பரவாயில்ல சார். கச்சேரியை நிறுத்திடலாம்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "இடது கை நல்லா இருக்கு அல்லவா?" என்றார்.

"இருக்கு சார், ஆனா..."

"இடது கைக்கு மட்டுமே எழுதின பாட்டு இருக்கு. நான் கேட்டிருக்கேன். யோச்னெ மாடபேடி. கவலையே படாதீங்க. போஸ்டர் ஒட்டி ஆய்த்து."

போனை வைத்துவிட்டார். ஒட்டியாகிவிட்ட போஸ்டரைக் காப்பாற்ற ஒரு மனுஷி ஒற்றைக் கையால் கச்சேரி செய்ய வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம் என்று கணவரிடம் கத்தினேன். "நீ இடது கைப் பாட்டுகளைத் தேட ஆரம்பிச்சிட்டியா இல்லையா?" என்று கேட்டார். கத்தும்போதே என் இடது கை அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

இடது கைக்கென்றே எழுதப்பட்டவை நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரு மாலையின் முதல் பாதிவரைதான் அவற்றை வாசிக்க முடியும். அதற்கு மேல் ஒரே கை தாங்காது. இரண்டாம் பாதிக்கு என்ன செய்வது என்ற யோசனையிலேயே சனிக்கிழமை வந்துவிட்டது. வகுப்பு இல்லை என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். இரண்டு பேர் அதைச் சட்டை செய்யாமல் வந்தார்கள்.

முதல் ஆள் ஒரு டாக்டரம்மா. மயக்க மருந்து நிபுணர். தர்மபுரிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கோரமங்களா பக்கம் வீடு. மகள் கல்லூரிக்குப் போன வருஷம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் வகுப்பில் எல்லோரையும் போல என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். இன்னொருவர் சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். சொந்த ஊர் ஆரணி. ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு டஜன் ஆரஞ்சோடு வந்து நின்றார்.

டாக்டரம்மா உட்காரக்கூட இல்லை. "விரலை அசைங்க மிஸ். ஒவ்வொண்ணா." அசைத்தேன். "நல்லா இருக்கு. ரத்த ஓட்டம் சரியா இருக்கு. வீக்கம் வந்தா கையைத் தூக்கி வெச்சுக்கங்க." அதற்குப் பிறகுதான் பியானோவைப் பார்த்தார். "இன்னிக்கு என்ன வாசிக்கலாம்?"

"டாக்டர், என்னால உங்களுக்கு வாசிச்சுக் காட்டக்கூட முடியாது."

"பரவாயில்ல. எனக்கு வலது கை நல்லா வருது, இடது கைதான் வரமாட்டேங்குதுன்னு மூணு மாசமா சொல்றீங்க. உங்ககிட்ட இப்ப இடது கை மட்டும்தான் இருக்கு. சேர்த்தா ஒரு ஆள் ஆச்சு."

சந்தாபுராக்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சரி, விளையாட்டாகச் செய்து பார்ப்போம் என்று பெஞ்சின் இடது பாதியில் நகர்ந்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா வலது பாதியில். அவர் மாதக் கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பல பகுதிகளாக எழுதப்படும் சொனாட்டா ஒன்றின் மெதுவான பகுதி. மேலே ஒரு நீண்ட மெட்டு, கீழே நிதானமாக அசையும் துணை இசை. ஆனால் என் மாவுக்கட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தால் அவர் முழங்கையில் இடித்தது. பின்னால் தொங்கவிட்டால் வலித்தது. கடைசியில் அவர் முதுகைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலில் தோள் மேல் கை போட்டு நிற்கும் சிநேகிதிகள் மாதிரி இருந்திருக்கும்.

ஆரம்பித்தோம். முதல் தடவை படுமோசம். அதற்குக் காரணம் அவர் இல்லை, நான். பல வருஷமாக வாசித்த துண்டு. என் இடது கைக்கு அது தலைகீழ்ப் பாடம் என்று நினைத்திருந்தேன். வலது கை பக்கத்தில் இல்லை என்றதும் அது திருவிழாவில் கையை விட்ட பிள்ளை மாதிரி முழித்தது. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே தாமதிக்க வேண்டும் என்பதெல்லாம் வலது கைக்குத்தான் தெரிந்திருந்தது. இடது கை அதன் பின்னாலேயே போய்ப் பழகியிருந்தது. வகுப்புதோறும் "இடது கைதான் அஸ்திவாரம்" என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

இரண்டாவது தடவை அவர் ஒரு சுரத்தைத் தவறாக அடித்தார். வழக்கப்படி "ஸாரி" என்று நின்றார். நான் நிற்கவில்லை. என் கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் திகைத்து, ஓடிவந்து பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி அடுத்த வரியில் வந்து ஏறிக்கொண்டார். மூன்றாவது தடவை மறுபடி தவறு, ஆனால் "ஸாரி" இல்லை. முகத்தை மட்டும் சுளித்துக்கொண்டு போனார். அதற்கடுத்த தடவை முகச்சுளிப்பும் போய்விட்டது. கடைசிச் சுரத்தில் இருவரும் ஒன்றாகப் போய் நின்றோம். அவர் அந்தப் பகுதியை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நிற்காமல் வாசித்தது அதுதான் முதல் முறை.

"மிஸ்," என்றார், கட்டைகளிலிருந்து விரலை எடுக்காமல், "இது இவ்வளவு அழகா இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லையே."

"சொன்னேன். நீங்க முடிவுவரைக்கும் வந்ததில்ல."

மத்தியானம் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பழக்கத்தில் காமிராவை ஓடவிட்டிருந்தேன். அவர் எங்கே தவறினாரோ அங்கெல்லாம் முன்பும் தவறியிருக்கிறார். விரல் அதே விரல், தவறும் அதே தவறு. ஆனால் நிற்கவில்லை.  என் ஆராய்ச்சி வழிகாட்டிக்குப் போன் செய்தேன். பல்கலைக்கழகத்தில் இருக்கும் அவர் என்னைவிட வயதில் சிறியவர், எதற்கும் எளிதில் சந்தோஷப்படாதவர்.

"மேடம்," என்றார், நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், "இவ்வளவு நாளா அவங்க எங்க நிக்கறாங்கன்னு பார்த்தீங்க. இப்ப ஏன் நிக்கலன்னு பாருங்க. கேள்வி இப்பதான் கேள்வி மாதிரி இருக்கு."

"அப்ப இது முக்கியமான விஷயம்தானே?"

"ஒரு ஆளை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எல்லா மாணவர்கள்கிட்டயும் செஞ்சு பாருங்க. கை எப்படி இருக்கு?"

கையைப் பற்றி அவர் கடைசியில்தான் கேட்டார் என்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் கேட்டபோதுதான் எனக்கே கை ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமைகளில் ஒவ்வொருவரையும் என் வலது பக்கம் உட்கார வைத்தேன். சிலருக்குப் பலன் இருந்தது, சிலருக்கு இல்லை. ஒருவருக்கு என் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருந்தது. சந்தாபுராக்காரர் விஷயம் வேறு மாதிரி. அவர் எதற்கும் நிற்கிறவர் இல்லை, ஓடுகிறவர். தவறு வந்தால் வேகத்தைக் கூட்டி அதைத் தாண்டிப் போய்விடுவார்.

"ஏன் இப்படிப் பறக்கறீங்க?"

"வேலைப் பழக்கம் மிஸ். சர்வர் படுத்துடுச்சுன்னா நின்னு யோசிக்க முடியாது. ஓட ஓடத்தான் சரி பண்ணணும்."

அவருக்கு ஒரு சின்ன நடன இசைத் துண்டு கொடுத்தேன். என் இடது கை பிரேக் மாதிரி அவரைப் பிடித்து இழுத்தது. முதல் வாரம் அவர் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். இரண்டாம் வாரம் நான் அவரை. மூன்றாம் வாரம் அவர் பாதியில் திரும்பி, "மிஸ், இந்த எடத்துல நீங்க கொஞ்சம் காத்திருக்கீங்க இல்ல? நல்லா இருக்கு அது" என்றார். அவர் என் கையைக் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கச்சேரியின் இரண்டாம் பாதிக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு என் பக்கத்திலேயே விடை உட்கார்ந்திருந்தது. என்னோடு மேடையில் வாசிக்க வருவீர்களா என்று சந்தாபுராக்காரரிடம் கேட்டதும் அன்றே ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா மறுத்தார்.

"என்னால ஆகாது மிஸ்."

"ஆபரேஷன் தியேட்டர்ல எவ்வளவு பெரிய பொறுப்பு உங்களுது. இது ஒரு சின்ன ஹால்."

"தியேட்டர்ல என் வேலையைப் பாக்க வேண்டிய ஆள் தூங்கிட்டிருப்பார் மிஸ். முழிச்சிருக்கிறவங்க முன்னாடி எனக்குப் பழக்கமில்ல."

 ஒரு வாரம் விட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவரே வந்து, "என் மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ல இருப்பா. அவகிட்ட வாய்தவறி உளறிட்டேன். இனிமே தப்பிக்க முடியாது" என்றார்.

கச்சேரிக்கு முந்தின நாள் வேறு ஒரு பிரச்சனை. பட்டுப்புடவையோடு அந்த அழுக்கேறிய மாவுக்கட்டு அசிங்கமாக இருந்தது. என் கணவர் புடவையின் ரவிக்கைத் துணியில் மிச்சமிருந்த துண்டை எடுத்துக்கொண்டு, தெருமுனை டெய்லரிடம் போய், மாவுக்கட்டுக்கு ஒரு உறை தைத்து வாங்கி வந்தார். அரக்கு நிறம், ஓரத்தில் சன்னமாகச் சரிகை. டெய்லர் என் கையை அளவெடுக்கவே இல்லை. என் கணவர் தன் கையில் துண்டைச் சுற்றிக் காட்டி அளவு சொல்லியிருக்கிறார். கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. ஆனால் மேடையில் ஏறியதும் முன்வரிசைப் பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. பாராட்டு மாதிரிதான் இருந்தது.

முதல் பாதி இடது கை மட்டும். கண்ணை மூடிக்கொண்டால் இரண்டு கை வாசிப்பது போலக் கேட்கும்படி எழுதப்பட்ட துண்டுகள். ஆச்சரியம் என்னவென்றால், யாரும் கண்ணை மூடவில்லை. ஒரு கை அத்தனை தூரம் ஓடி ஓடி வருவதைப் பார்க்கவே ஜனங்கள் எட்டி எட்டி உட்கார்ந்தார்கள். இடைவேளையில் கச்சேரி நடத்தும் பெரியவர் வந்து, "இனிமே எல்லாரும் ஒத்தைக் கையில வாசிக்கட்டும்" என்றார்.

இரண்டாம் பாதியில் முதலில் சந்தாபுராக்காரர். புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் ஒரு முழு வரிசையைப் பிடித்திருந்தார்கள். துண்டின் நடுவில் ஒரு இடத்தில் நான் வழக்கம்போலக் காத்திருக்க, அதை முடிவென்று நினைத்து அந்த வரிசை மொத்தமும் கைதட்டிவிட்டது. அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்து, இன்னும் இருக்கிறது என்று இடது கையால் சைகை காட்டிவிட்டு, வலது கையால் சரியான நேரத்தில் தொடர்ந்தார். ஹாலே சிரித்தது. என்னிடம் படித்த எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு நிதானம் வந்ததில்லை.

பிறகு டாக்டரம்மா. காலையில் ஒரு அவசர ஆபரேஷன் முடித்துவிட்டு வந்திருந்தார், மல்லிகைப் பூ மட்டும் புதிது. உட்கார்ந்தோம். அரக்குப் பட்டு உறையோடு என் கையை அவர் முதுகைச் சுற்றிப் போட்டேன். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் விரல்கள் அவர் தோளில் படிந்தன. அவர் மூச்சு ஏறி இறங்குவது விரலில் தெரிந்தது. பயிற்சியின்போதே அது எனக்குப் பழகியிருந்தது. அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது நான் தயாராவேன், விடும்போது சேர்ந்து இறங்குவேன்.

முதல் பக்கம் அருமையாகப் போனது. இரண்டாம் பக்கத்தில், மெட்டு மறுபடி வந்து இருண்ட பக்கமாகத் திரும்பும் இடத்தில், எனக்கு அடுத்த சுரம் மறந்துவிட்டது.

தொழில்முறையில் வாசிக்கிற எல்லோருக்கும் இது எப்போதாவது நடக்கும். அப்போதெல்லாம் வலது கை எதையாவது செய்து காப்பாற்றிவிடும். இப்போது என் வலது கை பட்டு உறைக்குள் இருந்தது. என் இடது கை கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.  எத்தனையோ பேரை "நிற்காதீங்க, நிற்காதீங்க" என்று சொன்னவள் நடு மேடையில் நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா நிற்கவில்லை. வரியின் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டார். அது தேயத் தேய, அதே வரியை மறுபடி ஆரம்பத்திலிருந்து, தனியாக, ரொம்ப மெதுவாக வாசித்தார். துணையே இல்லாமல். அந்த மெட்டு அப்படி ஒற்றையாகப் போய் நான் கேட்டதே இல்லை. என் விரலுக்கடியில் அவர் தோள் உயர்ந்தது. நன்றாக, வேண்டுமென்றே, ஒரு பெரிய மூச்சு. நானும் மூச்சை இழுத்தேன். அவர் விட்டார். என் இடது கை தானாகப் போய்ச் சரியான கட்டையில் இறங்கியது.

முடித்து எழுந்தபோது கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. அவருடைய மகள் முன்வரிசையில் அழுதுகொண்டே வீடியோ எடுத்ததில் பாதிக்கு மேல் ஹாலின் கூரைதான் பதிவாகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

மேடைக்குப் பின்னால் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்படி டாக்டர் பதறாம இருந்தீங்க?"

"யார் சொன்னது? நெஞ்சு வாய்க்கு வந்துடுச்சு. ஆனா பேஷன்ட் தடுமாறும்போது நம்ம பதற்றம் வெளிய தெரியக்கூடாதுன்னு பழக்கம்."

"நான் பேஷன்ட்டா?"

"அந்த நிமிஷம் ஆமா மிஸ். மூச்சு விடவே மறந்துட்டீங்க. அதை ஞாபகப்படுத்தறதுதானே என் வேலை."

பெரியவர் இரண்டு தட்டில் வடையோடு வந்தார். "அந்த எடம்! அதே வரியைத் தனியா மெதுவா திருப்பி வாசிச்சீங்களே, எஷ்டு சென்னாகித்து! அவ்வளவு நல்லா இருந்தது. நான் வெச்சிருக்கிற எந்த ரெக்கார்டிங்லயும் அது இல்ல. அப்படி எழுதியிருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா சொன்னார்: "இல்ல சார். எழுதியிருக்கணும்."

கட்டுப் பிரித்தபோது என் வலது கை மெலிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. எலும்பு டாக்டர், "இப்ப மெதுவா வேலையை ஆரம்பிக்கலாம்" என்றார். 'வேலை' என்ற சொல்லை அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. பந்தைப் பிசைவது, மணிக்கட்டைச் சுழற்றுவது என்று பயிற்சிகள். பியானோவில், குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஐந்து விரல் பாடங்களிலிருந்து தொடங்கினேன். அந்தச் சனிக்கிழமைகளில் டாக்டரம்மா என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். இப்போது அவர் இடது கை, நான் வலது கை. அவருக்கு வராது வராது என்று சொல்லிக்கொண்டிருந்த இடது கை, என் நொண்டி வலது கைக்காகப் பொறுமையாகக் காத்திருந்து காத்திருந்து, எப்போது தேறியது என்றே தெரியாமல் தேறிவிட்டது.

ஆராய்ச்சியை முதல் அத்தியாயத்திலிருந்து திருப்பி எழுதினேன். அலுப்பான வேலைதான், ஆனால் காலையில் எழுந்ததும் போய் உட்காரத் தோன்றிய அலுப்பு. கற்கிறவரும் கற்பிக்கிறவரும் ஆளுக்கொரு கையாக வாசிப்பது பெரியவர்கள் சிலருக்கு எப்படி உதவுகிறது, யாருக்கு உதவவில்லை, ஏன் என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அப்படியானால் பியானோ ஆசிரியர்கள் எல்லோரும் கையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்களா?"

"வேண்டியதில்லை சார். ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டாலே போதும்."

என் வழிகாட்டி குனிந்து காகிதத்தில் எதையோ எழுதுவது போலப் பாவனை செய்தார். எளிதில் சந்தோஷப்படாதவர் என்று சொன்னேன் அல்லவா, அன்று தோள் குலுங்கியது.

பட்டம் வந்த மாதம் சந்தாபுராக்காரர் எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நான், என் கணவர், டாக்டரம்மா மூன்று பேரும் ஒரே காரில் போனோம். வழியெல்லாம் டிராபிக். பசி உச்சத்தில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது மாடி. கதவு திறந்திருந்தது, உள்ளே பிரியாணி மணம். ஹாலில் சுவரோரமாக ஒரு கீபோர்டு. அதன் முன்னால் அவரும் அவர் மனைவியும் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணை நான் அன்றுதான் முதலில் பார்க்கிறேன். துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறவராம், இசை எதுவும் படித்ததில்லையாம்.

"வாங்க மிஸ், வாங்க! ஒரு நிமிஷம், இத மட்டும் முடிச்சிடறோம்" என்றார் அவர்.

"என்னங்க, வந்தவங்கள நிக்க வெச்சுக்கிட்டு..." என்று மனைவி எழப்போனார்.

"நிறுத்தாத, நிறுத்தாத! நடுவுல நிறுத்தக் கூடாது."

நாங்கள் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றோம். அவர் இடது கை, மனைவி வலது கை. என்ன பாட்டென்று எனக்குப் பிடிபடவில்லை, அவர்களே கட்டியதாக இருக்கலாம். அந்தப் பெண் ஒரு இடத்தில் தவறினார், உதட்டைக் கடித்துக்கொண்டார், விடாமல் போனார். சமையலறையில் குக்கர் விசிலடித்தது. அதற்கும் அவர் திரும்பவில்லை. டாக்டரம்மா என் காதருகே குனிந்து, "வேகம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஜாஸ்திதான். ஆனால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள், நாங்களும் பசியை மறந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.